நார்த்தாமலைக் கல்வெட்டுகளும் இயந்திரக் கற்றல் படிமுறைகளின் வகைகளும்: ஓர் அறிமுக ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுகளைப் படிப்பதற்கும் அவற்றின் காலத்தைக் கணிப்பதற்கும் கணினியைத் துணைக்கொள்ளும் முயற்சிகள் பெருகிவருகின்றன. இச்சூழலில் இயந்திரக் கற்றல் படிமுறைகளின் முதன்மை வகைகளைத் தமிழ் ஆய்வாளர்க்கு அறிமுகப்படுத்த இக்கட்டுரை முனைகிறது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் உள்ள பல்லவர், முத்தரையர், சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகின்றன. படிமுறைகளின் வகைப்பாடு, இயந்திரத்துக்குக் கற்பிக்கும் சான்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது என்பதும், எழுத்தமைதியால் ஊகிக்கப்பட்ட காலத்தை உறுதியான சான்றாக இயந்திரத்துக்கு ஊட்டினால் ஆய்வு தன்னையே சுற்றிவரும் வட்ட வாதமாகிவிடும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இயந்திரக் கற்றல், படிமுறை, நார்த்தாமலை, எழுத்தமைதி, வகைக்குறி, கொத்தாக்கம், கல்வெட்டுக் காலக்கணிப்பு.

1. முன்னுரை

தமிழியல் ஆய்வில் கணினியின் பயன்பாடு புதியதன்று. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினியின் துணையோடு உருவாக்கிய தொடரடைவு 1977இல் வெளிவந்தது. நொபோரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறும் பெயர்களுக்கு அமைத்த தொடரடைவு 1978இல் வெளிவந்தது. இப்பணிகளில் கணினி எண்ணியது, வரிசைப்படுத்தியது, தொகுத்தது. எதை எண்ண வேண்டும் என்பதை ஆய்வாளரே வரையறுத்தார்.

இயந்திரக் கற்றலில் இந்நிலை மாறுகிறது. விதியை ஆய்வாளர் எழுதித் தருவதில்லை, எடுத்துக்காட்டுகளைத் தருகிறார். அவற்றிலிருந்து விதியை இயந்திரம் தானே வருவித்துக்கொள்கிறது. எனவே எடுத்துக்காட்டுகளின் நம்பகத்தன்மை விதியின் நம்பகத்தன்மையாகிறது. கல்வெட்டியலில் இது எளிய செய்தியன்று. ஒரு கல்வெட்டின் காலம் ஒரு மன்னனின் வரலாற்றையும், ஒரு கோயிலின் உரிமையையும், ஒரு குடியின் பழைமையையும் தீர்மானிக்கக்கூடியது. ஆகவே இயந்திரம் என்ன விடை தருகிறது என்பதை அறிவதற்கு முன், அது எவ்வாறு கற்றது என்பதை அறிவது ஆய்வாளர்க்கு இன்றியமையாததாகிறது.

2. ஆய்வுக் களம்: நார்த்தாமலை

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த குன்றுகளின் தொகுதி நார்த்தாமலை. நகரத்தார் மலை என்பதன் திரிபே இப்பெயர் என்பது பொதுவான கருத்து. முதலாம் இராசராசனின் விருதுப்பெயரால் தெலுங்ககுலகாலபுரம் என வழங்கப்பெற்ற இவ்வூர் வணிக நகரமாக விளங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இங்குள்ள மேலமலையில் மூன்று சான்றுகள் அருகருகே அமைந்துள்ளன. முதலாவது பழியிலி ஈசுவரம் என்னும் குடைவரை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி இதனைக் குடைவித்ததையும், பழியிலி சிறியநங்கை முகமண்டபம் முதலியவற்றை எடுப்பித்ததையும் கூறுகிறது. இரண்டாவது விசயாலய சோழீசுவரம் என்னும் கற்றளி. இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் சிதையத் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கிய செய்தி அங்குள்ள கல்வெட்டில் காணப்படுகிறது. மூன்றாவது சமணர் குடகு. சமணர் உறைவிடமாக இருந்து பின்னர்ப் பதினெண்பூமி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலாகிய இக்குடைவரை தொடர்பாக முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்து, 1228ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. இவையன்றிக் கடம்பர்மலைக் கோயிலிலும் சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் உள்ளன.

ஒரே ஊரில் 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான எழுத்து வளர்ச்சியைக் காணமுடிவதால் கற்றல் படிமுறைகளை விளக்க நார்த்தாமலை பொருத்தமான களமாகிறது. மற்றொரு காரணமும் உண்டு. குடைவரைக் கல்வெட்டு பல்லவ மன்னனின் ஆட்சியாண்டைச் சுட்டுகிறது, குடைவித்தவர் முத்தரையர். அதன் எதிரே உள்ள கற்றளி சோழன் பெயரால் வழங்குகிறது. எடுப்பித்தவரோ முத்தரையர் எனக் கருதப்படுகிறார். அக்கற்றளியைத் தொடக்கக்காலச் சோழர் கலையாகக் கொள்வோரும், முத்தரையர் பணியாகக் கொள்வோரும் உளர். மனிதரிடையே தீராத இவ்வழக்கு இயந்திரத்துக்குத் தரவாகும்போது என்ன நிகழும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

3. கற்றல் படிமுறை: பொருள் விளக்கம்

குறிப்பிட்ட உள்ளீட்டிலிருந்து குறிப்பிட்ட விளைவைப் பெறுவதற்கான, வரையறுக்கப்பட்ட செயல்களின் வரிசையே படிமுறை. அல்காரிதம் என வழங்குவதும் இதுவே. செய்யும் பணியில் தன் பட்டறிவால் மேம்படும் படிமுறை கற்றல் படிமுறை எனப்படுகிறது. செக்கர்சு என்னும் பலகை விளையாட்டைக் கணினிக்குக் கற்பித்த ஆர்தர் சாமுவேல் 1959இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே இயந்திரக் கற்றல் என்னும் சொல்லாட்சி பரவலாயிற்று.

எக்கற்றல் படிமுறைக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, பண்புக்கூறு. ஓர் எழுத்தின் தலைக்கோட்டு நீளம், வளைவின் அளவு, புள்ளி இடப்பட்டுள்ளமை, கால் ரகரத்தினின்று வேறுபடுத்தப்பட்டுள்ளமை முதலியன பண்புக்கூறுகளாகலாம். இரண்டு, மாதிரி. பண்புக்கூறுகளிலிருந்து விடையை வருவிக்கும் கணித அமைப்பு இது. மூன்று, பிழையளவு. மாதிரி தரும் விடை எந்த அளவுக்குத் தவறுகிறது என்பதைக் காட்டும் எண் இது. பிழையளவு குறையுமாறு மாதிரியைப் படிப்படியாகத் திருத்துவதே கற்றல். பிழையை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்ற வினாவுக்குத் தரப்படும் விடையே படிமுறைகளை வகைப்படுத்துகிறது. சரியான விடை முன்கூட்டியே தரப்பட்டால் அது மேற்பார்வைக் கற்றல். தரப்படாவிட்டால் மேற்பார்வையிலாக் கற்றல். சிலவற்றுக்கு மட்டும் தரப்பட்டால் பகுதி மேற்பார்வைக் கற்றல். தரவே தனக்கு விடையானால் தன்மேற்பார்வைக் கற்றல். செயலின் பயன் பரிசாகவோ தண்டமாகவோ திரும்பிவந்தால் வலுவூட்டல் கற்றல்.

4. மேற்பார்வைக் கற்றல்

4.1 வகைப்படுத்தல்

ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் அதன் விடையாகிய வகைக்குறி இணைக்கப்பட்டிருப்பது மேற்பார்வைக் கற்றலின் அடிப்படை. கல்வெட்டு எழுத்தின் படத்தோடு ‘இது மகரம்’ எனவோ, ‘இது 9ஆம் நூற்றாண்டு’ எனவோ குறித்துத் தருவது இதற்கு எடுத்துக்காட்டு. விடை சில வகுப்புகளுள் ஒன்றாக அமையின் அது வகைப்படுத்தல் ஆகும். இதற்குரிய படிமுறைகள் பல. அவற்றுள் ஐந்து இங்கு விளக்கப்படுகின்றன.

அண்மை அயல் முறை அவற்றுள் எளியது. காலம் அறியாத ஓர் எழுத்தைக் காலம் அறிந்த எழுத்துகள் அனைத்தோடும் ஒப்பிட்டு, மிக நெருங்கிய சிலவற்றின் காலத்தையே அதற்கும் வழங்குவது இம்முறை. மைப்படிகளை அருகருகே வைத்து ஒப்பிடும் கல்வெட்டறிஞரின் செயலுக்கு மிக அணுக்கமானது இதுவே.

முடிவு மரம் அடுக்கடுக்கான வினாக்களால் ஆனது. புள்ளி உண்டா, தலைக்கோடு உண்டா, மெய்க்கீர்த்தி உண்டா எனக் கிளைபிரிந்து சென்று முடிவை அடைகிறது. வினாக்களின் வரிசையைத் தரவிலிருந்து படிமுறையே தேர்கிறது. காரணத்தை வெளிப்படையாகக் காட்டுவது இதன் சிறப்பு. ஒற்றை மரம் தரவின் சிறு மாற்றத்துக்கும் தடுமாறும் என்பதால், பல மரங்களை வளர்த்துப் பெரும்பான்மை முடிவை ஏற்கும் சமவாய்ப்புக் காடு என்னும் முறையை லியோ பிரெய்மன் 2001இல் முன்வைத்தார்.

பேயசு முறை நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்டது. நுந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தது, நிலம் இறையிலியாக்கியது, வணிகர் மகமை விதித்தது எனக் கல்வெட்டின் பொருளை வகைப்படுத்த இது ஏற்றது. ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடர் விளக்குக்கொடையில் எந்த அளவு மிகுதியாக வருகிறது என்பதைக் கணக்கிட்டு, புதிய கல்வெட்டு எவ்வகையைச் சேரும் என்பதை இது மதிப்பிடுகிறது.

ஆதரவுத் திசையன் இயந்திரம், இருவேறு வகுப்புகளுக்கு இடையே இயன்றவரை அகன்ற எல்லையை வரைகிறது. கோர்ட்டசு, வாப்னிக் ஆகியோர் 1995இல் வெளியிட்ட கட்டுரை இதன் இன்றைய வடிவுக்கு அடிப்படை. தரவு குறைவாக உள்ள துறைகளில் இது நன்கு பயன்படுகிறது.

நரம்பணு வலையமைப்பு, 1958இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் அறிமுகப்படுத்திய பெர்செப்ட்ரானிலிருந்து வளர்ந்தது. முற்கூறிய முறைகளில் பண்புக்கூறுகளை ஆய்வாளர் தேர்ந்து தருகிறார். பல அடுக்குகள் கொண்ட வலையமைப்போ படத்தின் புள்ளிகளிலிருந்தே பண்புக்கூறுகளையும் தானே கண்டுகொள்கிறது. ஆற்றல் மிகுந்த இம்முறைக்குப் பெருந்தரவு தேவைப்படுகிறது. கையெழுத்து எண்களுக்காக உருவாக்கப்பட்ட எம்னிசுட் தொகுப்பில் பத்தே வகுப்புகளுக்கு 70,000 படங்கள் உள்ளன. தமிழ்க் கையெழுத்துக்கு எச்.பி. ஆய்வகம் உருவாக்கிய தொகுப்போ 156 குறி வகுப்புகளைக் கொண்டது. வகுப்பு பெருகப்பெருக ஒவ்வொன்றுக்கும் வேண்டிய எடுத்துக்காட்டும் பெருகும். நார்த்தாமலை போன்ற ஓர் ஊரின் கல்வெட்டுகள் மட்டும் இதற்குப் போதா.

4.2 தொடர்புப் போக்கு

விடை ஒரு வகுப்பாக அமையாமல் தொடர்ச்சியான எண்ணாக அமையின் அது தொடர்புப் போக்குக் கணிப்பு. ‘சோழர் காலம்’ என்பது வகுப்பு. ‘1010’ என்பது எண். எழுத்து வளர்ச்சி ஆட்சி மாற்றத்தோடு திடீரென மாறுவதன்று, படிப்படியாக நிகழ்வது. 1200இல் பொறித்த கல்தச்சன் 1220இலும் அதே கையால்தான் பொறித்திருப்பான். இடையில் அரசு மாறியிருக்கலாம். எனவே காலக்கணிப்புக்கு அரச மரபை வகுப்பாகக் கொள்வதினும் ஆண்டை எண்ணாகக் கொண்டு, அதனோடு முன்பின் எல்லையையும் கணிப்பதே எழுத்தியலுக்குப் பொருந்துவது.

4.3 வகைக்குறியின் நம்பகம்

புதுக்கோட்டை சமத்தானக் கல்வெட்டுப் பாடங்கள் 1929இல் அரச மரபு வாரியாகத் தொகுத்து வெளியிடப்பட்டன. தமிழ்க் கல்வெட்டியலுக்குக் கிடைத்த அரிய கொடை அது. அத்தொகுப்பைத் தரவாகக் கொள்வோர்க்கு வகைக்குறி ஆயத்தமாகவே கிடைக்கிறது. ஆயின் மரபு என்னும் வகைக்குறி பதிப்பாசிரியரின் முடிவு; கல்லில் உள்ள எழுத்தன்று. நிருபதுங்கன் பெயரைத் தாங்கிய முத்தரையர் குடைவரைக் கல்வெட்டைப் ‘பல்லவர்’ எனக் குறிப்பதா, ‘முத்தரையர்’ எனக் குறிப்பதா என்பதில் இரு விடைகளும் பொருளுடையன. முதல் விடை காலத்தைச் சுட்டுகிறது. இரண்டாவது விடை கொடையாளரைச் சுட்டுகிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் இட்டால் இயந்திரம் எதையும் சரியாகக் கற்காது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டனர். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ எனக் கல்வெட்டு கூறின் அம்மன்னன் முதலாம் பராந்தகன் என்பது உறுதி. ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் கூறின் விசயாலயன், பராந்தகன், உத்தமன் முதலியோருள் எவனாகவும் இருக்கலாம். அந்நிலையில் எழுத்தமைதியைக் கொண்டே அறிஞர் முடிவு செய்கின்றனர். அவ்வாறு முடிவு செய்யப்பட்ட கல்வெட்டுகளை வகைக்குறியோடு இயந்திரத்துக்குத் தந்து எழுத்தமைதிக் காலக்கணிப்பைக் கற்பித்தால், அறிஞரின் ஊகத்தையே இயந்திரம் மீளக் கூறும். பின்னர், ‘இயந்திரமும் இதையே உறுதிசெய்தது’ என எழுதுவது ஒரு சான்றை இருமுறை எண்ணுவதாகும். மேலமலைக் கற்றளி பற்றிய வழக்கும் இத்தகையதே. அதன் கல்வெட்டை ‘9ஆம் நூற்றாண்டு’ எனக் குறித்துப் பயிற்றுவித்த இயந்திரத்திடம் அதன் காலத்தைக் கேட்பது வாதியையே நடுவராக்குவது போன்றது.

5. மேற்பார்வையிலாக் கற்றல்

வகைக்குறி எதுவுமின்றித் தரவின் உள்ளமைப்பைக் கண்டறிய முயல்வது மேற்பார்வையிலாக் கற்றல். இதன் முதன்மைப் பிரிவுகள் கொத்தாக்கமும் பரிமாணக் குறைப்பும் ஆகும்.

கொத்தாக்கத்தில் பெரிதும் பயன்படுவது கே-சராசரி முறை. எத்தனை கொத்து வேண்டும் என்பதை ஆய்வாளர் கூறுகிறார். படிமுறை அத்தனை நடுப்புள்ளிகளை வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு அண்மையிலுள்ள நடுப்புள்ளியில் சேர்த்து, நடுப்புள்ளிகளைத் திருத்தி, மாற்றம் நிற்கும்வரை இதையே தொடர்கிறது. படிநிலைக் கொத்தாக்கமோ மிக நெருங்கிய இரண்டை இணைத்து, பின் அவ்விணைப்பைப் பிறவற்றோடு இணைத்து, குடிவழிப் பட்டியல் போன்ற கிளைப்படத்தைத் தருகிறது. சுவடிகளின் பாடவேறுபாடுகளைக் கொண்டு மூலப்படியை நோக்கிச் செல்லும் பதிப்பாசிரியர்க்கு இக்கிளைப்படம் அயலானதன்று.

பரிமாணக் குறைப்பு, பல பண்புக்கூறுகளைச் சில அச்சுகளாகச் சுருக்குகிறது. 1901இல் கார்ல் பியர்சன் வகுத்த முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு இதற்கு அடிப்படை. ஓர் எழுத்துக்கு 50 அளவுகள் எடுக்கப்பட்டிருந்தாலும், வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தாங்கும் இரண்டு அச்சுகளில் அவற்றை வரைந்து கண்ணால் நோக்க இயலும்.

மேற்பார்வை இல்லை என்பதால் இம்முறை சார்பற்றது எனக் கருதுவது பொருந்தாது. நார்த்தாமலை எழுத்துப் படங்களைக் கொத்தாக்கினால் கிடைக்கும் கொத்துகள் காலத்தைக் குறிக்கலாம்; கல்தச்சரின் கைவண்ணத்தைக் குறிக்கலாம்; குடைவரைப் பாறைக்கும் கட்டடக் கல்லுக்கும் உள்ள பரப்பு வேறுபாட்டைக் குறிக்கலாம்; காலை ஒளியில் எடுத்த படத்துக்கும் மாலை ஒளியில் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் குறிக்கலாம். கொத்துகளைத் தருவது படிமுறை. அவற்றுக்குப் பெயரிடுவது ஆய்வாளர். பெயரிடும் அந்நொடியில் மேற்பார்வை மீண்டும் நுழைகிறது. எனினும் மேலமலை போன்ற வழக்குள்ள சான்றுகளுக்கு இம்முறை ஒரு நன்மை செய்கிறது. மரபுப்பெயர் எதுவும் தரப்படாத நிலையில் கற்றளியின் எழுத்துகள் எதனோடு கொத்தாகச் சேர்கின்றன என்பது, முன்முடிவு கலவாத ஒரு வினாவாக அமைகிறது.

6. பகுதி மேற்பார்வை, தன்மேற்பார்வைக் கற்றல்

காலம் உறுதியான சில கல்வெட்டுகளும், காலம் உறுதியற்ற பல கல்வெட்டுகளும் இருக்கும் நிலைக்குப் பகுதி மேற்பார்வைக் கற்றல் ஏற்றது. உறுதியானவற்றுக்கு மட்டும் வகைக்குறி தரப்படுகிறது. ஏனையவை எழுத்து வடிவங்களின் பரவலை அறிய உதவுகின்றன. ஆட்சியாண்டும் அரசனின் தனிச்சிறப்பு அடைமொழியும் உள்ளவை, மெய்க்கீர்த்தி உள்ளவை, நாள், கிழமை, திதி ஆகியவற்றைக் கொண்டு வானியல் முறையில் காலம் கணிக்கப்பட்டவை ஆகியன உறுதியானவை. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்க அட்டவணைகள் இவ்வகைக் கணிப்புக்குப் பெருந்துணை புரிந்தன. எழுத்தமைதியைச் சாராத இச்சான்றுகளே எழுத்தமைதியைக் கற்பிக்கும் தகுதி உடையன.

தன்மேற்பார்வைக் கற்றலில் தரவின் ஒரு பகுதியை மறைத்து, எஞ்சிய பகுதியிலிருந்து மறைந்ததை ஊகிக்குமாறு இயந்திரம் பயிற்றப்படுகிறது. இன்றைய பெருமொழி மாதிரிகளின் அடிப்படைப் பயிற்சி இவ்வகையைச் சார்ந்தது. சிதைந்த கல்வெட்டுக்கு இதன் பயன் வெளிப்படை. தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒத்திருக்கும். ஒற்றைக் கொம்பு, பகரம், ரகர வடிவம் ஆகிய மூன்றும் வரிசையாக வரின் அதனைப் பெர, பெர், பேர, பேர், பொ, போ என ஆறு வகையாகப் படிக்கலாம். எது சரி என்பதை எழுத்தின் வடிவம் கூறாது, சூழல்தான் கூறும். எனவே எழுத்துப் படத்தை மட்டும் கற்ற இயந்திரம் கல்வெட்டைப் படிக்காது. கல்வெட்டு மொழியையும் அது கற்றாக வேண்டும்.

இத்துறையில் கிரேக்கக் கல்வெட்டுகளுக்கென உருவாக்கப்பட்ட இத்தாக்கா என்னும் மாதிரி 2022இல் வெளியிடப்பட்டது. 70,000க்கும் மேற்பட்ட கல்வெட்டுப் பாடங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அது, சிதைந்த பகுதிகளை மீட்பதில் தனித்து 62 விழுக்காட்டுத் துல்லியத்தை எட்டியது. வரலாற்றறிஞர் தனித்து எட்டியது 25 விழுக்காடு. அவர்களே இத்தாக்காவின் துணையோடு எட்டியது 72 விழுக்காடு. மனிதரும் இயந்திரமும் இணைந்தபோதே விளைவு மிகுந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

அவ்வாய்வின் மற்றொரு பகுதி நார்த்தாமலைக்கு நேரடியாகப் பொருந்துவது. ஏதென்சு நகர ஆணைகள் சிலவற்றில் சிக்மா என்னும் எழுத்தின் பழைய வடிவம் காணப்பட்டதால், அவை கி.மு. 446/445க்கு முற்பட்டவை என நெடுங்காலம் கொள்ளப்பட்டன. பிற்காலச் சான்றுகள் இக்கருத்தை ஐயுறச் செய்தன. அவ்வாணைகளைப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டுக் காலம் கணித்தபோது, இத்தாக்கா சராசரியாகக் கி.மு. 421 என்னும் விடையைத் தந்தது. வழக்கிலுள்ள சான்றுகளைப் பயிற்சித் தரவில் சேர்க்காமல் புறத்தே வைத்தமையாலேயே இயந்திரத்தின் விடை தனிச் சான்றாக மதிக்கப்பெற்றது. மேலும் அம்மாதிரி எழுத்து வடிவத்தை அன்றி, பாடத்தின் மொழியையே நோக்கியது. எழுத்தமைதியால் எழுந்த வழக்கை எழுத்தமைதி சாராத வழியில் அணுகியமை அதன் வலிமை.

இம்முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. மறைந்ததை ஊகிக்கும் இயந்திரம் அடிக்கடி வருவதையே விரும்பும். மெய்க்கீர்த்தி போன்ற வாய்பாட்டுத் தொடர்களில் அது திறம்படச் செயல்படும். ஒரே ஒரு கல்வெட்டில் ஒரே ஒருமுறை வரும் ஊர்ப்பெயர், பெண்பெயர், தொழிற்பெயர் ஆகியவற்றை அது பழகிய பெயராக மாற்றிவிடக்கூடும். பழியிலி சிறியநங்கை போன்ற ஒரு பெயர் சிதைந்திருப்பின், வேறொரு வழக்கமான பெயரால் அந்த இடம் நிரப்பப்படலாம். வரலாற்றுக்கு அரிய செய்தியைத் தருவது பெரும்பாலும் அந்த ஒருமுறை வரும் பெயரே.

7. வலுவூட்டல் கற்றல்

ஒரு சூழலில் செயல்பட்டு, செயலின் பயனைப் பரிசாகப் பெற்று, நெடுநோக்கில் மிகுந்த பரிசு தரும் செயல்வழியைக் கற்பது வலுவூட்டல் கற்றல். 2016இல் கோ விளையாட்டில் லீ செடோலை வென்ற ஆல்ஃபாகோ இம்முறையின் ஆற்றலை உலகறியச் செய்தது. விளையாட்டில் வெற்றி தோல்வி தெளிவானது. கல்வெட்டு வாசிப்பில் சரியான வாசிப்புக்கு உடனடிப் பரிசு வழங்கும் நடுவர் இல்லை. எனவே இத்துறையில் இதன் நேரடிப் பயன் குறைவு. கல்வெட்டைப் படமெடுக்கும்போது எக்கோணத்தில் ஒளி பாய்ச்சினால் எழுத்து தெளியும் என்பது போன்ற அளவிடக்கூடிய பணிகளுக்கு இது பொருந்தலாம்.

8. மதிப்பீடு

கற்ற படிமுறையை அது முன்பு காணாத தரவில் சோதிக்க வேண்டும். பயிற்சித் தரவை அப்படியே மனனம் செய்து, புதியதில் தவறுவது மிகைப்பொருத்தம் எனப்படுகிறது. நன்னூல் பொதுப்பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்துமிடத்துக் கூறும் கிளியின் நிலை இதுவே. கற்பித்ததைக் கூறும், அதற்கு அப்பால் செல்லாது.

கல்வெட்டுத் தரவில் இச்சோதனை எளிதில் பொய்த்துவிடும். ஒரு கல்வெட்டிலிருந்து 300 எழுத்துகள் பிரித்தெடுக்கப்பட்டன எனக் கொள்ளலாம். அவற்றுள் 240 பயிற்சிக்கும் 60 சோதனைக்கும் குலுக்கி ஒதுக்கப்பட்டால், இயந்திரம் அக்கல்லின் பரப்பையும் அந்தக் கல்தச்சனின் கையையும் அந்த மைப்படியின் தாளையும் முன்பே அறிந்திருக்கும். சோதனையில் உயர்ந்த துல்லியம் கிடைக்கும். அத்துல்லியம் காலத்தை அறிந்ததன் விளைவன்று. கல்லை அறிந்ததன் விளைவு. ஆகவே எழுத்து வாரியாகப் பிரிக்காமல் கல்வெட்டு வாரியாகவும், இயலுமாயின் ஊர் வாரியாகவும் பிரிக்க வேண்டும். நார்த்தாமலையில் பயின்றது குடுமியான்மலையில் செல்லுமா என்பதே உண்மையான சோதனை.

துல்லியம் என்னும் ஒற்றை எண்ணும் போதாது. 100 கல்வெட்டுகளுள் 90 சோழர் காலத்தவை எனக் கொண்டால், எதனையும் பாராமல் ‘சோழர்’ என்றே கூறும் இயந்திரமும் 90 விழுக்காட்டுத் துல்லியத்தைப் பெறும். எஞ்சிய பத்தில் ஒன்றையும் அது கண்டிராது. முத்தரையர் கல்வெட்டுகள் எண்ணிக்கையில் குறைந்தவை. பெரும்பான்மையால் சிறுபான்மை விழுங்கப்படும் இந்நிலை புள்ளியியல் குறை மட்டுமன்று, வரலாற்றுக் குறையுமாகும். ஆகவே ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே, உள்ளவற்றுள் எத்தனை கண்டறியப்பட்டன என்பதும், கண்டறிந்ததாகக் கூறியவற்றுள் எத்தனை சரி என்பதும் வெளியிடப்பட வேண்டும்.

9. ஆய்வு முடிவுகள்

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இயந்திரக் கற்றல் படிமுறைகளின் வகைப்பாடு, கற்பிக்கும் சான்றின் தன்மையை ஒட்டியது. எனவே படிமுறையைத் தேர்வது, எச்சான்றை எந்த அளவு நம்புவது எனத் தீர்மானிப்பதாகும்.

2. கல்வெட்டுத் தரவில் அரசன், கொடையாளர், காலம், காலத்துக்கான சான்று ஆகியவை தனித்தனிக் கட்டங்களாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். ‘மரபு’ என்னும் ஒற்றை வகைக்குறி நார்த்தாமலை போன்ற களங்களில் பொருந்தாது.

3. எழுத்தமைதியைக் கற்பிக்க, எழுத்தமைதியைச் சாராத சான்றால் காலம் உறுதியான கல்வெட்டுகளே வகைக்குறி பெறத்தக்கவை. ஊகக் காலமுடையவை வகைக்குறியற்றவையாகக் கொள்ளப்பட்டுப் பகுதி மேற்பார்வைக் கற்றலுக்குள் கொண்டுவரப்பட வேண்டும்.

4. வழக்கிலுள்ள கல்வெட்டு எதுவாயினும், அதனைப் பயிற்சித் தரவிலிருந்து முற்றிலும் விலக்கிய பின்னரே அதன் காலத்தை இயந்திரத்திடம் கேட்க வேண்டும். விடையை எல்லையோடு கூடிய கணிப்பாகவே வெளியிட வேண்டும்.

5. இயந்திரம் நிரப்பிய எழுத்துகள், பதிப்பாசிரியர் ஊகித்த எழுத்துகளினின்று வேறான குறியீட்டால் காட்டப்பட வேண்டும். பின்வருவோர் இரண்டையும் கல்லெழுத்தாகக் கொண்டுவிடாதிருக்க இது தேவை.

10. முடிவுரை

மழையால் சிதைந்த கற்றளியைப் புதுக்கியவர், முதலில் எடுப்பித்தவரின் பெயரையும் தம் பெயரையும் மேலமலையில் வேறுவேறாகப் பொறித்துவைத்தார். எது பழையது, எது புதுக்கியது என்பது அதனாலேயே இன்றும் அறியப்படுகிறது. சிதைந்த கல்வெட்டை இயந்திரத்தால் புதுக்க முனையும் இக்கால ஆய்வுக்கும் அந்நெறியே தேவைப்படுகிறது. கல் கூறுவது இது, அறிஞர் ஊகித்தது இது, இயந்திரம் கணித்தது இது என மூன்றையும் பிரித்துக் காட்டும் தரவுத்தொகுப்பு புதுக்கோட்டைக் கல்வெட்டுகளுக்கு உருவாக வேண்டும். அதனை உருவாக்கும் பணி, கணினியறிஞரினும் கல்வெட்டுத் தமிழ் அறிந்தோர்க்கே முதன்மையாக உரியது.